அடைக்கலத்தின் மூக்கும் நாலாம் நம்பர் வண்டியின் ஆயிலும்

“இந்த மலையில ஆயிலப் பொறுத்தமட்டுல என் மூக்குக்கு மேல ஒரு மூக்கு கெடையாது. எந்த வண்டி ஆயிலா இருக்கட்டும், மூடியத் தொறந்து ஒரு தடவ மோந்தாப் போதும். எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு, எந்த டிரைவர் ஓட்டுனான், அவன் எந்த வளைவுல கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே வந்தான், எல்லாத்தையும் சொல்லிருவேன். என் மூக்கு தப்புன்னு எவனாச்சும் நிரூபிச்சா அன்னைக்கே ஸ்பேனரக் கீழ வச்சிர்றேன்!”

பெருமாள்மலையில் சேனாதிபதி டிரான்ஸ்போர்ட் ஷெட்டில், போன வருஷத்து ஆயுத பூஜையன்று, மைக்கைப் பிடித்து அடைக்கலம் சொன்ன வார்த்தைகள் இவை. மைக் கொஞ்சம் கீச்சிட்டது. அதைத் தவிர வேறு யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர் ஆயுத பூஜையில் ஏன் பேசுகிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். முதலாளி சேனாதிபதிக்கு ஒரு கொள்கை உண்டு. சாமிக்கு ஐயர் பேச வேண்டும், வண்டிக்கு அடைக்கலம் பேச வேண்டும். பேசி முடித்ததும் சேனாதிபதி தன் சொந்த ஊரான ஆயக்குடியிலிருந்து கொண்டுவந்த கொய்யாப்பழத்தை ஆளுக்கு ஒரு பை கொடுப்பார். போனஸ் என்று வேறு கம்பெனிகளில் எதைச் சொல்கிறார்களோ அதைத்தான் இங்கே கொய்யா என்று சொல்வது வழக்கம்.

அடைக்கலத்துக்கு வயது ஐம்பத்தேழு. அப்பா மிஷன் பள்ளி ஹாஸ்டலில் பிள்ளைகள் குளிக்க பாய்லர் போட்டவர். அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த அடைக்கலம், அறிவியல் ஆசிரியர் “நிறமற்றது, மணமற்றது” என்று சொன்ன ஒரு வாயுவுக்கு மணம் உண்டு என்று சாதித்து ஒரு பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நின்றார். அங்கேயிருந்து இறங்கியவர் நேராக வத்தலக்குண்டுக்குப் போய் ஒரு லாரி பட்டறையில் சேர்ந்தார். கல்வித்துறை இழந்ததை டீசல் துறை பெற்றது.

மூக்கின் பெருமை பரவியது ஒரு பழைய லாரியால். யாரோ ஒருவர் வாங்கப் போன லாரியின், ஆயில் அளவு பார்க்கும் டிப்-ஸ்டிக் கம்பியை உருவி மோந்த அடைக்கலம், “இதுல ரேடியேட்டர் தண்ணி எறங்குது. இத வாங்குனீங்கன்னா மலையேற மாட்டீங்க, மலையே உங்க மேல ஏறும்” என்றார். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது கேஸ்கெட் ஓட்டையாக இருந்தது. அன்றிலிருந்து கொடைக்கானல் வட்டாரத்தில் பழைய ஜீப் வாங்குகிற எல்லோரும், பெண் பார்க்கப் போகும்போது தாய்மாமனைக் கூட்டிப் போவதுபோல, அடைக்கலத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு டீயும் பன்னும் அவருக்கான மரியாதை. பன்னையும் முதலில் மோந்துவிட்டுத்தான் கடிப்பார்.

இந்த மூக்கு 2021 மே மாதத்தில் இறந்துபோனது.

அந்த வருஷம் எல்லோருக்கும் வந்த காய்ச்சல் அவருக்கும் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, மூக்கும் போனது. முதல் இரண்டும் திரும்பி வரவில்லை. மூன்றாவதும் அதே ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தது. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார் டாக்டர். அடைக்கலம் ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு ஒரு வருஷம் காத்திருந்தார். காத்துக்கொண்டிருப்பவர் அதை ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை அல்லவா? சொல்லவில்லை.

ஆனால் கம்பியை மோப்பது நிற்கவில்லை. கண்ணை மூடுவார், தலையை வானத்துக்குத் தூக்குவார், மூச்சை இழுப்பார், நாலு எண்ணுவார். அந்த நாலு எண்ணுவதற்குள் விரல் இரண்டும் ஆயிலைத் தேய்த்து அதன் கெட்டியைப் பார்த்திருக்கும். காது இன்ஜினைக் கேட்டிருக்கும். டிரைவரின் முகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பிறகு தீர்ப்பு. பத்தில் ஒன்பது சரியாகவே இருந்தது. விரலும் காதும் சேர்ந்து உழைத்த புகழை மூக்கு வாங்கிக்கொண்டது. உலகத்தில் பெரிய அலுவலகங்களில் நடப்பதுதான் ஒரு முகத்துக்குள்ளும் நடந்தது.

இந்த நிலையில்தான் லேப் வந்தது.

சேனாதிபதிக்கு நாலு பஸ். யாரோ சொன்னார்கள் என்று கோயம்புத்தூரில் ஒரு லேபோடு பேசி வைத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கொஞ்சம் ஆயில் எடுத்து பாட்டிலில் அடைத்து அனுப்ப வேண்டும். அதில் என்னென்ன உலோகம் கரைந்திருக்கிறது, தூசி எவ்வளவு, தண்ணீர் உண்டா, டீசல் கலந்திருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார்கள். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் உடனே பார்.

“மனுசனுக்கு பிளட் டெஸ்ட் எடுத்தே ஆளப் பாதி கொன்னுட்டானுக. இப்ப வண்டிக்குமா?” என்றார் அடைக்கலம்.

ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு ஆபீசில் டிக்கெட் புத்தகம் பார்க்கிற ஜூலியட்டுக்கு வந்தது. வேதியியலில் பட்டம் வாங்கி நாலு வருஷமாக டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்த பெண். முதல் ரிப்போர்ட் வந்த அன்று, தொலைந்துபோன உறவுக்காரரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுபோல அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

“சார், நாலாம் நம்பர்ல இரும்பு இருபத்தெட்டு. சிலிண்டர் சுவர், ரிங் எல்லாம் தேயிறது அதுல தெரியும். செம்பு ஒம்பது, அது பேரிங். சிலிக்கான்னா மண்ணு, ரோட்டுத் தூசி.”

சேனாதிபதி அதைக் கேட்ட விதம் வேறு. ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் வாசிக்கச் சொல்வார்.

“செம்பு ஒம்பதுல நிக்குதா? நிக்கட்டும். எங்க ஜோசியர் ஒம்பதுல செவ்வா இருந்தா பயணம் சித்திக்கும்பாரு.”

“சார், இது ஜாதகம் இல்ல. பத்து லட்சத்துல ஒம்பது பங்கு.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன்.”

இரண்டாம் மாதம் இரண்டாம் நம்பர் வண்டியில் சிலிக்கான் எகிறியிருந்தது. ஏர் பில்ட்டரைத் திறந்து பார்க்கச் சொன்னாள் ஜூலியட். திறந்தார்கள். பில்ட்டர் கிழிந்து, பழனி ரோட்டின் புழுதி பாதி உள்ளே குடியேறியிருந்தது. எல்லோரும் அடைக்கலத்தைப் பார்த்தார்கள். போன வாரம்தான் அந்த வண்டியின் கம்பியை மோந்து “தங்கம்” என்று அவர் சொல்லியிருந்தார்.

“மண்ணுக்கு மழை பேஞ்சாத்தாம்ப்பா வாடை வரும்” என்றார் அடைக்கலம். விவாதம் முடிந்தது.

இங்கே பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேப் அனுப்பிய பெட்டியில் பன்னிரண்டு பாட்டில். நாலு வண்டி, மூன்று மாதம். எண்ணிக்கை அச்சாக இருந்தது, ஆகவே ஒன்று குறைந்தது. வெள்ளைப் பாட்டில், உள்மூடி ஒன்று, வெளிமூடி ஒன்று, கவிழ்த்து வைத்தாலும் சொட்டு இறங்காது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு பாட்டிலைப் பார்த்தும் வீட்டுக்கு எடுத்துப் போகத் தோன்றாதவன் ஒன்று துறவி, இல்லாவிட்டால் கல்யாணமாகாதவன். அடைக்கலம் இரண்டும் இல்லை. அவர் மனைவி புஷ்பமேரி பெருமாள்மலை முக்கில் டூரிஸ்டுகளுக்கு யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் விற்கிறவர். “தைலம் பையில ஒழுகிருச்சு” என்று மதுரைக்காரர்கள் போனில் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு நொந்தவர். அவருக்குக் கல்யாண நாள் பரிசாக அடைக்கலம் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். முப்பது வருஷத்தில் அவர் கொடுத்த பரிசுகளில் உபயோகமானது அதுதான் என்று புஷ்பமேரி இன்றும் சொல்கிறார்.

மூன்றாம் மாதம் நாலாவது வண்டிக்குப் பாட்டில் இல்லை.

நாலாம் நம்பர் என்பது கிளாவரை என்ற மலைக்கிராமத்துக்குப் போகிற வண்டி. காலையில் அங்கேயிருந்து பூண்டும் கேரட்டும் பள்ளிப் பிள்ளைகளுமாகப் புறப்பட்டு, சாயங்காலம் உரமும் அரிசியும் அதே பிள்ளைகளுமாகத் திரும்பி, இரவு அங்கேயே நிற்கும். ஓட்டுகிறவர் நல்லையா. குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. இங்கே பிறந்தவர்தான், ஆனாலும் அம்மாவின் வாயிலிருந்து வந்த சில சொற்கள் அவரிடம் தங்கிவிட்டன. முதலாளியை “தொரை” என்பார். வரிசை வீட்டை “லயம்” என்பார். கிளாவரையில் அவர் மனைவி பெருமாயி பூண்டுக் காட்டில் வேலை பார்க்கிறார். வண்டி அங்கே இரவு நிற்பதால்தான் நல்லையா தினம் தன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறார். டிரைவர் சாதியில் இது கிடைத்தற்கரிய வாழ்வு.

அந்த வண்டிக்காகத்தான் அடைக்கலம் அவசரமாக மனைவி கடைக்குப் போய்ப் பாட்டிலைத் திருப்பிக் கேட்டார். புஷ்பமேரி உள்ளே இருந்ததைக் கவிழ்த்து, துணியால் வாயைத் துடைத்துக் கொடுத்தார். அடைக்கலம் சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கடையில் ரெண்டு டூரிஸ்டுகள் நின்றார்கள். ஆகவே மூக்கருகில் வைத்து, கண்ணை மூடி, நாலு எண்ணினார். உள்ளே லேசாகச் சில்லென்றது. கொடைக்கானலில் எதுதான் சில்லென்று இல்லை?

“பொட்டு வாடை இல்ல. பளிங்கு” என்று அறிவித்துவிட்டுப் போனார். இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, கம்பி போகிற குழாய் வழியாகக் கைப்பம்பில் ஆயிலை உறிஞ்சி, பாட்டிலை நிரப்பி, லேபிள் ஒட்டி அனுப்பினார். எல்லாம் முறைப்படி.

எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. சிவப்பு.

ஆயில் நீர்த்துப் போயிருந்தது. பதினாலுக்கு மேல் இருக்க வேண்டிய கெட்டி பத்தே முக்காலுக்கு இறங்கியிருந்தது. சீக்கிரம் தீப்பற்றும் நிலைக்கும் வந்திருந்தது. டீசல் கலந்திருக்கலாம் என்று சந்தேகம் தெரிவித்து லேப்காரர்கள் மூன்று யோசனை எழுதியிருந்தார்கள்: டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைச் சோதிக்கவும், வண்டி நிற்கும்போது நெடுநேரம் இன்ஜினை ஓடவிடுவதைத் தவிர்க்கவும், மறுபடி மாதிரி எடுத்து அனுப்பவும். சேனாதிபதி நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். முன்னும் பின்னும் இருப்பதை விட்டு நடுவை எடுப்பது கொய்யாவுக்குச் சரி.

“நல்லையா! கெளாவரையில ராத்திரி பூரா இன்ஜின ஓடவிட்டுக் குளிர் காயிறியா?”

“தொரை, நான் வண்டியில படுக்கிறதே இல்லீங்க. வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கா, அடுப்பு இருக்கு. இன்ஜின்ல என்னத்துக்குக் குளிர் காயணும்?”

“தாள் சொல்லுதே!”

“தாள் பொய் கதைக்குதுங்க. அண்ணன்கிட்டக் கேளுங்க. அண்ணன் மோந்து பாத்துச் சொல்லட்டும்.”

ஷெட்டில் இருந்த பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். நல்லையாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதி. உலகமே கைவிட்டாலும் மலையில் ஒரு மூக்கு இருக்கிறதே!

அடைக்கலம் கம்பியை உருவினார். கண்ணை மூடினார். நாலு எண்ணினார். விரல் தேய்த்துப் பார்த்து, ஆயில் கெட்டியாக, நல்லபடியாகத்தான் இருக்கிறது என்றது. ஆனால் தாளில் சிவப்பாக எழுதியிருக்கிறதே? மெஷின் பார்த்துச் சொன்னது. போன மாதம் மண் விஷயத்தில் மெஷின் ஜெயித்தது. இன்று இல்லை என்று சொல்லி, நாளைக்கு இன்ஜின் வளைவில் பிடித்துக்கொண்டால் மூக்கின் கதி? மூக்குக்காரர் ஐந்தாவது எண்ணையும் எண்ணினார்.

“லேசா… டீசல் வாடை இருக்குங்க.”

அவ்வளவுதான். நல்லையா வண்டிச் சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கிளாவரை வண்டி ஞானவேல் என்ற வேறு டிரைவருக்குப் போனது. நல்லையாவுக்கு ஷெட்டில் வண்டி கழுவும் சோலி, மாசக் கடைசியோடு அதுவும் முடியும் என்று உத்தரவு. இரவு தூங்க டயர் அடுக்கியிருக்கும் மூலை. மறுநாளிலிருந்து பெருமாயி பூண்டுக் காட்டிலிருந்து போன் பண்ணி, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பதும், நல்லையா “ஆச்சு” என்று பொய் சொல்வதும் ஷெட் முழுக்கக் கேட்டது. அடைக்கலம் அந்த நேரங்களில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த வாரம் வண்டிகளுக்கு அடியில் அவ்வளவு வேலை இருந்ததாக வேறு யாருக்கும் தெரியாது.

ஜூலியட் மட்டும் தாளை விடவில்லை. புதுப்பெட்டி வந்ததும் ஒரு புதுப்பாட்டிலில் அதே ஆயிலை எடுக்கச் சொல்லி, மூன்றாவது யோசனைப்படி மறுபடி அனுப்பினாள். ரிப்போர்ட் பச்சையாக வந்தது.

“பாத்தியா!” என்றார் சேனாதிபதி, முருகனைப் பார்த்து. “நல்லையாவ எறக்குனேன். பத்தே நாள்ல ஆயில் திருந்திருச்சு!”

“சார், கலந்த டீசல் எப்படி சார் இவ்வளவு சுத்தமாத் தானா வெளிய போகும்?”

“கெட்ட சகவாசம் போனா எல்லாம் போயிரும்மா.”

“இன்னொன்னும் இருக்கு சார். அந்தச் சிவப்பு ரிப்போர்ட்ட நல்லாப் பாருங்க. ஆயில் அவ்வளவு தண்ணியா ஓடிருந்தா உள்ள இரும்பும் செம்பும் அரைஞ்சு ஏறிருக்கணும். ஏறவே இல்ல. இரும்பு மொதல்ல இருபத்தெட்டு, அப்புறம் முப்பது, அப்புறம் முப்பத்தொன்னு. ஆயில் இன்ஜின்ல கெட்டுச்சா, பாட்டில்ல கெட்டுச்சா?”

சேனாதிபதி இதற்கு ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து நீட்டினார். அவர் அகராதியில் அதற்கு ‘போய் வேலையைப் பார்’ என்று பொருள்.

ஜூலியட் பழத்தைக் கடித்துக்கொண்டே லேபுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அடைக்கலம் அப்போது தண்ணீர் குடிக்க ஆபீசுக்குள் வந்திருந்தார்.

“அந்தச் சிவப்பு ரிப்போர்ட்டுல கடைசி வரியில ‘மணம்: வழக்கத்துக்கு மாறானது’ன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன சார்?”

எதிர்முனையில் ஒரு சிரிப்பு. “அதுவா மேடம்? அந்தப் பாட்டிலத் தொறந்ததும் எங்க லேப்ல சளி புடிச்சிருந்த ரெண்டு பேருக்கு மூக்கு தொறந்துருச்சு. தலைவலின்னு லீவு கேட்டவரு லீவ வாபஸ் வாங்கிட்டாரு. மலைமேல நீங்க வண்டிக்கு ஆயில் ஊத்துறீங்களா, தைலம் தேய்ச்சு விடுறீங்களான்னு எங்களுக்குள்ள பேச்சு.”

டம்ளரைக் கீழே வைத்த அடைக்கலம் வெளியே போனார்.

புஷ்பமேரி கடையில் யாரோ ஒரு புதுமாப்பிள்ளைக்கு சாக்லேட் கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை போகும்வரை அடைக்கலம் தைல பாட்டில் அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏம்புள்ள, நான் குடுத்த வெள்ளப் பாட்டில்ல நீ என்ன ஊத்தி வச்சிருந்த?”

“இந்தக் கடையில என்ன பாயாசமா விக்கிறேன்? தைலந்தான்.”

“கழுவிக் குடுத்தியா?”

“எங்கிட்டுக் கழுவ? வெரசா குடு வெரசா குடுன்னு தலமேல நின்னீங்க. அரைகுறையாக் கவுத்துட்டு வாயத் தொடச்சேன். அடியில ரெண்டு ஸ்பூன் நின்னிருக்கும். நீங்க மோந்து பாத்து பளிங்குன்னீங்க.”

“அப்பவே சொல்லக் கூடாதா?”

“மலையில தன் மூக்குக்கு மேல மூக்கு இல்லைன்னு மைக்குல பேசுன மனுசன்கிட்ட, அதுவும் டூரிஸ்ட்டுக முன்னால, நான் என்னத்தச் சொல்ல?” புஷ்பமேரி குரலைத் தாழ்த்தினார். “மூணு வருசத்துக்கு முந்தி ஒருநா அடுப்புல பருப்புக் கருகி வீடு பூராப் புகை. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்கே தெரியும் எனக்கு. நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன்.”

அடைக்கலம் ஒரு சாக்லேட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பதில் சொல்லாமல் இருக்க வாயில் ஏதாவது இருக்க வேண்டுமே.

இனி அவர் சும்மா இருந்திருக்கலாம் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். வண்டி நலம். ரிப்போர்ட் பச்சை. முதலாளிக்குத் திருப்தி. பாட்டில் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தவர் புஷ்பமேரி மட்டும், அவர் மூன்று வருஷம் வாயை மூடியிருந்தவர். மாசக் கடைசிக்கு நாலு நாள்தான் இருந்தது. பிறகு நல்லையா போய்விடுவார், மூக்கு இருக்கும்.

மறுநாள் மத்தியானம் அடைக்கலம் முதலாளி அறைக்குள் போனார். கையில் ஒரு பெரிய ஸ்பேனரும் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. ஸ்பேனரை மேசை மேல், முருகன் படத்துக்கு முன்னால், பச்சை ரிப்போர்ட்டின் மேலேயே வைத்தார்.

“மொதலாளி, அந்தப் பாட்டில்ல தைலம் இருந்திருக்கு. எங்க வீட்டுப் பாட்டில். நாந்தான் மோந்து பாத்து நல்லாருக்குன்னு ஆயில ஊத்துனேன். நல்லையா மேல தப்பில்ல.”

“தைலத்துக்கும் ஒன் மூக்குக்கும் அவ்வளவு தூரமாய்யா?”

“மூக்கு செத்து வருசக்கணக்காச்சுங்க. எனக்கு எந்த வாடையும் தெரியாது.”

சேனாதிபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அறைக்கு வெளியே துடைப்பத்தோடு நின்ற நல்லையாவையும் ஜூலியட்டையும் உள்ளே கூப்பிட்டார்.

“கேட்டீங்களா கூத்த? ஊரறிஞ்ச மூக்கு. இந்த மூக்க நம்பி எத்தன பேரு வண்டி வாங்கிருக்கான்! நல்லையாவக் காப்பாத்த மூக்கையே சாகடிக்கிறான். அடைக்கலம், நீ நல்லவன்யா. ஆனா நடிக்கத் தெரியாது ஒனக்கு.”

“நெசமாத்தாங்க.”

“டீசல் வாடை இருக்குன்னு ஒன் வாயாலதான சொன்ன?”

“தாள்ல இருந்ததச் சொன்னேங்க. கம்பியில ஒன்னும் தெரியல.”

“போய்யா. ஆயுத பூஜையில மைக்குல நீ சொன்னத நம்புறதா, இப்ப சொல்றத நம்புறதா? அது பன்னெண்டு பேரு கேட்டது.”

மலையில் ஒரு மனிதர் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள முயன்று, அந்தப் பெயரே குறுக்கே நின்று மறித்த சம்பவம் இதற்குமுன் நடந்ததாகத் தெரியவில்லை. நல்லையா தலையைக் குனிந்துகொண்டார். “விடுங்கண்ணே. எனக்காக நீங்க ஒண்டும் கதைக்க வேணாம்” என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அடைக்கலத்துக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடைக்கலம் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஷெட்டின் பின்பக்கம் ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. அங்கே கிரீஸ் டப்பா அலமாரிக்குப் பின்னால் ஓர் எலி செத்து மூன்று நாளாகியிருந்தது. எங்கே கிடக்கிறது என்று தேடப் போனவர்கள் தேடாமலே திரும்பினார்கள். உள்ளே ஏதாவது எடுக்க வேண்டுமானால் துண்டை முகத்தில் ரெண்டு சுற்றுச் சுற்றி, மூச்சைப் பிடித்து, ஓடிப்போய் ஓடிவருவார்கள். ஞானவேல் போன முறை பல்பு எடுக்கப் போய்க் காலை இட்டிலியையும் சேர்த்து வெளியே கொண்டுவந்தார்.

அந்தக் கதவை அடைக்கலம் அகலத் திறந்து வைத்தார். வாசலில் நின்ற ஜூலியட் ஐந்தடி பின்னால் போனாள்.

“அங்கிள், என்ன பண்றீங்க?”

“சாப்பாட்டு நேரமாச்சும்மா.”

உள்ளே போய், அலமாரியை ஒட்டிக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தூக்கைத் திறந்தார். தயிர் சாதம், மேல்தட்டில் கத்தரிக்காய். பிசைந்தார். வழக்கம்போல முதல் கவளத்தை மூக்கருகில் கொண்டுபோய், பாதியில் நினைவு வந்து, வாயில் போட்டார். நிதானமாக மென்றார்.

ஷெட்டில் வேலை நின்றது. டிரைவர்களும் கிளீனர்களும் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு தூரத்தில் கூடினார்கள். சேனாதிபதி அறையிலிருந்து எழுந்து வந்தார். கதவுக்குப் பத்தடி முன்னால் காற்று அவரைத் தடுத்தது. வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அடைக்கலம் இரண்டாவது கவளத்துக்கு ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்துக்கொண்டார். குனிந்து அலமாரிக்குப் பின்னால் பார்த்தார்.

“இங்கதான் கெடக்கு மொதலாளி. பெருசு.” சொல்லிவிட்டு மூன்றாவது கவளம்.

யாரோ ஒருவர் ஓடிப்போய் டயருக்குப் பின்னால் குமட்டும் சத்தம் கேட்டது. அடைக்கலத்தின் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. ஒரு மனிதன் பொய்யாகப் பாடலாம், பொய்யாக அழலாம். அந்த அறையில் உட்கார்ந்து தயிர் சாதத்தைப் பொய்யாக ருசிக்க முடியாது.

நாலாவது கவளத்தில் சேனாதிபதிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேட்டி நுனிக்குள்ளிருந்தே கத்தினார்.

“ஜூலியட்டு! ஞானவேலுகிட்ட சாவிய வாங்கி நல்லையாகிட்டக் குடு! இன்னைக்கு சாயங்கால டிரிப்பு அவனே எடுக்கட்டும்! ஏலே அடைக்கலம், ஸ்பேனர எடுத்துக்க. மொதல்ல அந்த எலிய வெளிய எடுடா, ஒன்னாலதான் முடியும்!”

நல்லையா சாவியை வாங்கி, இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, மூக்கை மூடாமலே கதவு வரை வந்தார். கண்ணில் தண்ணீர். எலியாலா, வேறெதனாலா என்று பிரித்துச் சொல்ல எந்த லேபாலும் முடியாது.

“அண்ணே, போதும் அண்ணே. வெளிய வாங்க.”

“இருலே, ரெண்டு வாய்தான்.”

கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். தூக்கை மூடினார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. முதலாளியைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று, மைக் இல்லாத குரலில் சொன்னார்:

“சாதத்துல உப்புத்தாங்க கொஞ்சம் கொறச்சல். மத்தபடி எனக்கு ஒன்னும் தெரியல.”